வெந்நீர் அருவி

எங்கள் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் மண் தோண்டும் ராட்சத இயந்திரம் ஒன்றுக்கு ஆபரேட்டர். அதில் ஏறி உட்காருவதற்கே மாடி மாடியாக ஏணி வைத்திருப்பார்கள். அவ்வளவு பெரிய இயந்திரத்தைத் தூக்கத்தில்கூட ஓட்டக்கூடிய மனிதருக்கு ஒரு டப்பா கேமராவை ஓட்டத் தெரியாமல் போய்விட்டது. இதை அவர் காது கேட்க இன்றுவரை நாங்கள் யாரும் சொன்னதில்லை.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேட்டர் தன் இருக்கையில் உட்கார்ந்து பொத்தானையும் கைப்பிடியையும் மட்டும் பார்த்துக்கொள்வார். எண்ணெய் விடுவது, திருகாணி முடுக்குவது, துடைப்பது எல்லாம் ஹெல்ப்பர் வேலை. ஒருவர் வேலையை இன்னொருவர் தொட மாட்டார்கள், தொட்டால் பெரிய பஞ்சாயத்தாகிவிடும். எங்கள் சித்தப்பா அப்போது சுரங்கத்தில் காண்ட்ராக்டில் இருந்தார். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். என்றைக்கு பர்மனென்ட் ஆவோம் என்று தெரியாமல் இருந்த அவரை அப்பா வீட்டில் பர்மனென்ட் ஹெல்ப்பராக வைத்துக்கொண்டிருந்தார். அப்பா ஃபேன் ரிப்பேர் செய்தால் சித்தப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். அப்பா கறி வெட்டினால் சித்தப்பா ஈ ஓட்டுவார்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. எங்கள் பிளாக்கில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து ஏற்காட்டுக்கு டூர் போவதாக முடிவானது. அன்றிலிருந்து அம்மா தரையில் நடக்கவில்லை. அவள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரி. நெல்வயலும் முந்திரித்தோப்பும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபிறகு பார்த்த ஒரே உயரம் சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக்கொட்டி உண்டான மண்மேடுதான், அதையும் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறவளுக்கு மலையைப் பற்றிக் கேள்விப்பட்டதில் ஒன்றே ஒன்றின் ஆச்சரியம் மட்டும் ஆறவே இல்லை. "யாரும் தண்ணி ஊத்தாமலே பூக்குமாமே!" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டூருக்கு மூன்று நாள் இருக்கும்போது துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். வலது கால் வீங்கிவிட்டது. புத்தூர் கட்டுப் போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா டூரே வேண்டாம் என்றார். அம்மாதான் கேட்கவில்லை. துணைக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து பெரியம்மாவை வரவழைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸுக்குப் பணம் கட்டியாச்சு. புள்ளைங்களைக் கூட்டிகினு போயிட்டு வாங்க. மழை பேஞ்சாலும் வுடாதீங்க. மலை, அருவி, பூவு எல்லாத்தயும் போட்டோ புடிச்சிகினு வாங்க. நான் வூட்ல குந்திகினே பாத்துக்கறேன்."

"ஒண்ணு வுடமாட்டேன்" என்றார் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து "அடுத்த வருஷம் ஊட்டி" என்று சொல்லிச்சொல்லியே காலத்தை ஓட்டியவர் அவர். இந்த வாக்கையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவருக்கு வெறி. ரிட்டையர் ஆகி ஊருக்குப் போன ஒரு ஆபீசரிடம் வாங்கிய டப்பா கேமரா வீட்டில் இருந்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படம் எடுத்ததும் மேலே உள்ள குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் அதில் உள்ள வித்தை.

ஏற்காட்டில் இரண்டு நாளும் மழை. அப்பா ஒரு இடம் விடவில்லை. பாறையிடுக்கில் ஊதா நிறத்தில் பூத்திருந்த ஒரு சின்னப் பூவுக்காகச் சேற்றில் மண்டி போட்டார். ஓடைக்கு நடுவில் கல்மேல் நின்று தள்ளாடினார். அருவிக்கு எதிரே எங்களை நிறுத்தி, மூச்சை அடக்கிப் பொத்தானை அமுக்கினார். பின்னாலேயே சித்தப்பா ஒரு கையில் குடையும் மறு கையில் தம்பியுமாக நின்றார். எல்லாம் முடிந்ததும் இருவரும் டீ குடித்துவிட்டு, அம்மா என்ன சொல்வாள் என்று பேசிப்பேசிச் சிரித்தார்கள்.

டவுன்ஷிப் ஸ்டூடியோக்காரர் ஒரே ஒரு படத்தைக் கொடுத்தார். "ரோல்ல ஒரே படம்தாங்க விழுந்திருக்குது. ஆனா அந்த ஒண்ணுலயே எல்லாம் இருக்குது" என்றார்.

இருந்தது. படம் முழுக்க வெள்ளை வெளேரென்று இருக்க, அதற்குள் எங்கள் டூர் மொத்தமும் மேல் மேலாக விழுந்திருந்தது. அருவி சித்தப்பாவின் தலையிலிருந்து கொட்டியது. தம்பிக்கு மூன்று கண். பஸ் ஒன்று பூவுக்குள் பாதி நுழைந்து நின்றது. என்னைத் தேடிப் பார்த்தேன், ஒரு காது மட்டும் அகப்பட்டது.

வீட்டுக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் விசாரணை நடந்தது.

"நீ திருப்பலயாடா?" என்றார் அப்பா.

"கேமரா உங்கிட்ட இருந்துச்சு. நான் எப்படி அண்ணே திருப்புவேன்?"

"நான் ஆபரேட்டரு. அமுக்கறதுதான் என் வேலை. திருவற வேலைய என்னைக்குடா நான் செஞ்சிருக்கேன்?"

சுரங்கத்தில் இயந்திரம் நின்றுபோனால் முந்தின ஷிப்ட்டுக்காரன் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஏற்காட்டில் ஒரே ஷிப்ட்தான் நடந்தது. அந்தப் படத்தைச் சித்தப்பா சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் விட்டார்.

அம்மா தினமும் கேட்டாள். அப்பா ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளிருந்து குரல் வரும். "போட்டோ கழுவி வந்திடுச்சாங்க?" ஸ்டூடியோவில் கல்யாண ஆர்டர் என்றார் ஒருநாள். மருந்து தீர்ந்துவிட்டது என்றார் இன்னொரு நாள். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, கூடத்துச் சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைக் காட்டி, "அத எடுத்துட்டு அருவிய அங்க மாட்டணும்" என்று அவள் சொன்னபோது அப்பா சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பொய் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. உண்மையைச் சொல்லத் தைரியமும் இல்லை.

இதற்கிடையில் தீபாவளி வந்தது. கால் சரியில்லாவிட்டாலும் எனக்கு ஃபிராக் தைத்தே தீருவது என்று அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ஒற்றைக் காலால் மிதித்துத் தைத்தாள். கருநீலத் துணியில் வெள்ளையாக மாங்காய் வடிவத்தில் ஒரு பெரிய சட்டைப்பை. மிதி சீராக விழாததால் அந்த மாங்காய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இதோ விழப்போகிறேன் என்பதுபோல் தொங்கியது. பிளாக்கில் மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். எனக்கு அதைவிட அழகான சட்டை உலகத்தில் இல்லை.

தீபாவளி முடிந்ததும் அடைமழை பிடித்துக்கொண்டது. யோசனை சித்தப்பாவுடையது. அவர் அப்போது மண்மேட்டுப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, மலைன்னா என்னா? மண்ணும் கல்லும் குமிஞ்சு கெடக்கறதுதான. நம்மகிட்ட இல்லாத மண்ணா? அருவின்னா என்னா? தண்ணி மேலேர்ந்து கொட்டறது. நம்மகிட்ட கொட்டாத தண்ணியா?"

சுரங்கத்தின் அடியில் ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக இறைத்து, பெரிய பெரிய குழாய்கள் வழியே வெளியே கால்வாயில் விடுவார்கள். மண்மேட்டின் ஒரு சரிவில் அப்படியொரு குழாய் உயரத்திலிருந்து கொட்டியது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பண்ருட்டிக்குப் போய் ஃபிலிம் வாங்கி வந்தார்.

வாராந்திர லீவன்று, "புள்ளைங்களுக்கு மைன்ஸைக் காட்டிகினு வரேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"இந்த மழையிலயா?"

"மழையிலதான் மைன்ஸ் பாக்க நல்லா இருக்கும்" என்றார் சித்தப்பா.

போட்டோ எடுக்கப் போகிறோம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். போட்டோ என்றால் புதுச் சட்டைதானே? தீபாவளி ஃபிராக்தான் வேண்டும் என்று அழுதேன். "சேத்துல போறதுக்குப் புதுச் சட்டயாடி?" என்று அம்மா பிடித்து இழுத்தாள். அப்பா அவசரத்தில், "போட்டுகினு வரட்டும், வுடு" என்றார். சித்தப்பா மட்டும் நிதானமாக அப்பாவின் டூர் மப்ளரையும் தம்பியின் குரங்குக் குல்லாவையும் பைக்குள் எடுத்து வைத்தார். ஒன்றையும் மறக்கக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

இரண்டு சைக்கிளில் போனோம். தண்ணீர் கொட்டுகிற இடத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கே ஆச்சரியம். அந்தத் தண்ணீர் பூமியின் ஆழத்திலிருந்து வருவதால் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக் குளிரில் அதிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிச் சரிவையே மூடியிருந்தது.

"பாத்தியா அண்ணே, பனி வேற தானா வருது! ஏற்காட்லயே இவ்ளோ இல்ல."

குழாயின் வாயை மறைக்க எருக்கங்கிளைகளையும் உண்ணிச்செடியையும் வெட்டிச் செருகினார்கள். தம்பியும் நானும் கிளை சுமந்தோம். பிறகு அப்பா, தும்பைப் பூவை மலையுயரத்துக்குக் காட்டுவதற்காகச் சேற்றில் குப்புறப் படுத்தார். சித்தப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கால்வாயை ஓடையாக நினைத்துக் கவலையாகப் போஸ் கொடுத்தார். குழாயடியில் இரண்டு கல்லைப் போட்டு என்னை நிறுத்தினார்கள். நான் இறங்கும்போது சேறு தெளித்து மாங்காயின் நடுவில் ஒரு கறை விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. "அருவிகிட்ட அழக்கூடாது" என்றார் சித்தப்பா.

கேமராவைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு அப்பா அருவிக்கடியில் போனார்.

"அண்ணே, குளுர்ற மாதிரி நில்லு."

"சுடுதுடா."

"சுட்டாலும் குளுரு."

அப்பா தோளைக் குறுக்கி, கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினார். எங்கள் அப்பாவுக்கு நடிப்பு வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"யாருப்பா அது? இங்க போட்டோ புடிக்கக் கூடாதுன்னு தெரியாது?"

மேலே வழியில் ஒரு செக்யூரிட்டிக்காரர் மழைக்கோட்டும் தொப்பியுமாக நின்றார். அப்பாவின் நடுக்கம் உடனே நிஜமானது. இவரோ பர்மனென்ட் ஆள், குழாய் வாயில் எருக்கஞ்செடி, சித்தப்பா கையில் கேமரா, வேலையே போய்விடும். என்ன பொய் சொல்வது என்று தெரியாமல் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். அம்மாவின் கால், ஏற்காடு, ஒரே படத்தில் எல்லாம் விழுந்தது, தினமும் அவள் கேட்பது. செக்யூரிட்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றி உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்கூட்லயும் ஊட்டி ஊட்டின்னு ஒரே புடுங்கலு. பைப்பு தெரியுதா?"

"தெரியலிங்க."

"அப்ப என்னையும் ஒண்ணு எடு. ஒரு காப்பி எனக்கு."

இந்தத் தடவை குமிழைத் திருகும் விஷயத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. அப்பா திருகினார். அவர் மறந்திருப்பார் என்று சித்தப்பாவும் திருகினார். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் ஒருமுறை திருகினேன். அதனால் பன்னிரண்டில் பாதிகூட வரவில்லை. வந்தவை போதும். டவுன்ஷிப் ஸ்டூடியோவுக்குப் போகாமல் பண்ருட்டியிலேயே கழுவி வாங்கி, ஒரு கவரில் போட்டு அப்பா அம்மாவின் மடியில் வைத்தார்.

அம்மா ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தும்பைப் பூவைப் பார்த்து, "மலையிலயும் தும்பதானா?" என்றாள்.

"அது மலைத் தும்பை, அண்ணி" என்றார் சித்தப்பா.

அடுத்த படம் வந்ததும் அப்பாவின் முகம் வெளிறியது. செக்யூரிட்டிக்காரர் அருவிக்கு முன்னால் விறைப்பாக நின்றிருந்தார். அதைத் தனியே எடுத்து வைக்கச் சித்தப்பா மறந்திருந்தார்.

"இது யாருங்க?"

"அது... ஃபாரஸ்ட் ஆபீசர்."

"தொப்பி நம்மூரு செக்யூரிட்டி தொப்பி மாதிரியே இருக்குது."

"கவர்மென்ட்ல எல்லாத்துக்கும் ஒரே தொப்பிதான், அண்ணி."

அம்மா நம்பிவிட்டதுபோல் தலையாட்டினாள். அப்பா மூச்சு விட்டார். அதோடு கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்துவிட்டார். அடுத்தது நான் அருவியருகே நிற்கும் படம். அதை மட்டும் அம்மா வெகுநேரம் பார்த்தாள். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"தண்ணி ரொம்பக் குளுரா இருந்துச்சாங்க?"

"யப்பா! பல்லெல்லாம் கிடுகிடுன்னு ஆடிப்போச்சு."

"சுட்டுச்சும்மா" என்றான் தம்பி.

"ரொம்பக் குளுந்தா சுடற மாதிரிதான்டா இருக்கும்" என்று சித்தப்பா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். எழுந்து, சுவரைப் பிடித்து நொண்டி நொண்டிச் சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள், தோள் இரண்டும் குலுங்கின. எட்டிப் பார்த்தால் கண்ணில் தண்ணீர். அருவிக்கு வர முடியாமல் போனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அழுவாதம்மா" என்றேன். அவள் என் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கூடத்தில் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பாவம், அழுவுது" என்று வாசலில் நின்ற சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

காலண்டர் ஆணியில் அந்தப் படம் ஏறியது. எந்தப் படத்தை மாட்டுவது என்று அப்பா கேட்டதற்கு, நான் நிற்கும் படத்தைத்தான் அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

மார்கழியில் கட்டு அவிழ்த்தார்கள். "நீங்க எல்லாரும் மைன்ஸ் பாத்துட்டு வந்தீங்களே, எனக்கும் காட்டுங்க" என்றாள் அம்மா. அப்பா எந்தெந்தப் பக்கமோ காட்ட, அவள் கண் அந்தக் குழாயிருந்த சரிவிலேயே நின்றது. அங்கேதான் போக வேண்டும் என்றாள். அப்பா குழாய்க்கும் அவளுக்கும் நடுவே போய் நின்று, "இது சும்மா பம்ப் தண்ணி, பாக்க ஒண்ணும் இல்ல" என்று அந்தக் குளிர்காலத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா அவரைத் தாண்டிப் போய், புடவையைத் தூக்கிப் பிடித்து, குணமான காலைத் தண்ணீருக்குள் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வரும்போது சரிவில் தானாகப் பூத்திருந்த உண்ணிப்பூவைப் பறித்துக் கூந்தலில் செருகிக்கொண்டாள். ஒரு குழாய்த் தண்ணீருக்கு அப்பா ஏன் இப்படி வேர்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். அம்மா ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்பதுதான் புரியவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் படத்தைக் காட்டி ஏற்காட்டு அருவியைப் பற்றிச் சொல்வார். வருஷம் ஆக ஆக மழை பெருத்தது, பாறை வழுக்கியது, குளிர் கூடியது. அவர் ஆரம்பித்ததும் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். இத்தனை வருஷமாகியும் அம்மாவுக்கு ஆறவில்லையே என்று எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வரும்.

அப்பா ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது சாமான் கட்டுவதற்கு நான் போயிருந்தேன். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. படத்தில் என் சட்டையில் ஒரு வெள்ளை மாங்காய் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அதன் நடுவில் கறை. ஏற்காட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபிறகு, கட்டுப்போட்ட காலோடு அவள் தைத்த மாங்காய். மைன்ஸ் பார்த்துவிட்டு வந்த அன்று, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத கறை.

படத்தோடு சமையலறைக்குப் போனேன். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். மாங்காயின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவள் முதலில் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"சத்தம் போடாத. அவருக்குத் தெரியாது."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தைச்சவளுக்குத் தெரியாதா?"

"கோவம் வரலியாம்மா?"

"ஏற்காட்டுக்குப் போயி யாரு வேணும்னாலும் போட்டோ புடிச்சிகினு வருவாங்க. சேத்துல பொரண்டு, செக்யூரிட்டி கையில மாட்டி, சுடுதண்ணில நின்னு நடுங்கி... எனக்காக எவ்ளோ பாடுபட்டிருக்காரு, பாவம்."

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அந்த அருவிப் படத்தைப் பாத்து எடுத்து வைம்மா. கொட்டற மழையில, குளுர்ல வெறச்சுப்போயி எடுத்தது."

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் இரண்டும் குலுங்கின. நான் அவள் முந்தானையின் மறுமுனையைப் பிடித்து என் வாயில் பொத்திக்கொண்டேன்.